கட்டியை எடுத்த பிறகும் பிரஷர் மாத்திரை ஏன்? பிட்யூட்டரி ஹார்மோன்களும் ரத்தக்குழாய்களும்

வைகைக்கரை எழுதியது:

என் தங்கைக்கு வயது 38. குஷிங் நோய் என்று கண்டறிந்து, சென்ற ஆண்டு மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்து பிட்யூட்டரிக் கட்டியை எடுத்தார்கள். கட்டி 6 மில்லிமீட்டர்தான். புற்றுநோய் இல்லை என்று பயாப்ஸியும் சொல்லிவிட்டது. முகத்தில் இருந்த வீக்கம் வடிந்தது, சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்தது, வயிற்றில் இருந்த ஊதா நிறக் கோடுகள் மங்கின. எல்லாம் சரி. ஆனால் பிரஷருக்கு இன்னும் இரண்டு மாத்திரை. போன வாரம் கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட்டு, ரத்தக்குழாயின் சுவர் வயதுக்கு மீறித் தடித்திருக்கிறது என்று கொழுப்பு மாத்திரையும் சேர்த்துவிட்டார்கள்.

வீட்டில் ஒரே சண்டை. "கட்டியையே எடுத்துவிட்டார்களே, இனி எதற்கு ஆயுள் முழுவதும் மாத்திரை?" என்கிறார் என் சித்தப்பா. தங்கையும் அவர் பக்கம் சாய்கிறாள். எனக்கும் விளக்கத் தெரியவில்லை. மூளைக்கு அடியில் ஏறத்தாழ அரை கிராம் எடையே உள்ள ஒரு சுரப்பிக்கும் கழுத்து ரத்தக்குழாய்க்கும் என்ன தொடர்பு? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

மேட்டுத்தெரு எழுதியது:

சித்தப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. காரணம் போன பிறகு காரியம் எப்படி நிற்கும்? ஒரு மாத்திரையில் உள்ளே போனால் ஐந்து மாத்திரையோடு வெளியே வருவதுதான் இன்றைய வைத்தியம்.

---

நாளமில்லான் எழுதியது:

நான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தில் வேலை செய்கிறவன். உங்கள் தங்கையைப் பார்க்காமல் அவருடைய மருந்தைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். பொதுவான விஷயத்தை எழுதுகிறேன்.

அவருக்கு இருந்த கட்டி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அளவில்லாமல் சுரந்திருக்கிறது. அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை ஓயாமல் உசுப்பி, கார்டிசாலைக் கொட்ட வைக்கிறது. நல்ல உடம்பில் கார்டிசால் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடங்கிவிடும். குஷிங் நோயில் இந்த இரவு இறக்கம் காணாமல் போகிறது. கூடவே, தூக்கத்தில் இயல்பாக இறங்க வேண்டிய ரத்த அழுத்தமும் பலருக்கு இறங்குவதில்லை. அதாவது ரத்தக்குழாய்க்கு இரவிலும் ஓய்வு கிடையாது.

ரத்தக்குழாயின் உட்பக்கத்தில் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆன ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள். அது வெறும் உறை அல்ல. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துவது அதன் முக்கிய வேலை. மிகுதியான கார்டிசால் அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. குழாயைச் சுருக்கும் எண்டோதீலின் கூடுகிறது. அட்ரினலினுக்குக் குழாய்ச்சுவர் முன்னைவிட அதிகமாகத் துள்ளுகிறது. அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோனுக்கு மூலப்பொருளான ஆஞ்சியோடென்சினோஜென் உற்பத்தியும் கல்லீரலில் ஏறுகிறது.

சிறுநீரகத்தில் இன்னொரு கதை. உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். அது அமர வேண்டிய ஏற்பியில் கார்டிசாலாலும் அமர முடியும். அப்படி நடக்காமல் இருக்க அங்கே ஒரு நொதி நின்று, வருகிற கார்டிசாலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடும். கல்யாண வீட்டு வாசலில் அழைப்பிதழ் பார்க்கும் ஆளைப் போல. கூட்டம் முண்டியடித்தால் அவர் என்ன செய்வார்? கார்டிசால் உள்ளே புகுந்து ஆல்டோஸ்டிரோனின் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறது. உப்பு தங்குகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, அழுத்தம் ஏறுகிறது. குஷிங் நோயில் பெரியவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது இதனால்தான்.

இதோடு வயிற்றுக் கொழுப்பு, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை, கெட்ட கொழுப்பு ஏறுவது ஆகியவையும் சேர்கின்றன. எல்லாம் ஒரே குழாயைத்தான் தாக்குகின்றன.

---

மேட்டுத்தெரு எழுதியது:

டாக்டர், இதெல்லாம் கட்டி இருந்தபோது. என் கேள்வி கட்டி போன பிறகு. இன்னொன்று: குண்டாக இருப்பவர்கள், சர்க்கரை இருப்பவர்கள் எல்லோருக்கும் கழுத்துக் குழாய் தடித்துத்தான் இருக்கும். அதைக் கட்டியின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

---

நாளமில்லான் எழுதியது:

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்களும் அதைக் கேட்டிருக்கிறார்கள். இத்தாலியின் நேபிள்ஸ் நகரக் குழு ஒன்று 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குஷிங் நோய் குணமாகி ஐந்து ஆண்டுகள் ஆனவர்களை எடுத்துக்கொண்டு, ஒரே வயதுள்ளவர்களோடு மட்டும் அல்லாமல், அவர்களைப் போலவே பருமனாக இருந்தவர்களோடும் ஒப்பிட்டார்கள். கழுத்துத் தமனியில் சுவர்த் தடிப்பும் கொழுப்புப் படிவும் குணமானவர்களிடம்தான் அதிகம். சிறிய ஆய்வுதான், அபூர்வ நோயில் பெரிய ஆய்வு எளிதல்ல. எனவே எடை ஒன்றே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஹார்மோனின் நேரடி வேலை எவ்வளவு, சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் வழியாக நடந்தது எவ்வளவு என்று தராசில் வைத்துப் பிரிக்கவும் முடியாது. பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நைட்ரிக் ஆக்சைடு குறைவது போன்ற வேலைக்குறைபாடுகள் ஹார்மோன் சீரானதும் பெரும்பாலும் மேம்படும். ஆனால் ஆண்டுக்கணக்கில் உயர் அழுத்தத்தில் இருந்த குழாயின் தசை அடுக்கு தடித்துவிடுகிறது, நார்ப்பொருள் சேர்ந்து சுவர் விறைக்கிறது, கொழுப்பு படிகிறது. இவை உருவ மாற்றங்கள். கார்டிசால் ஒரு வாரத்தில் இறங்கும், விறைத்த சுவர் அதே வேகத்தில் இளகாது. குஷிங் நோயில் இன்னொரு சங்கடம், அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் கண்டறியும் வரை சில ஆண்டுகள் போய்விடுவது சாதாரணம். "உடம்பு போட்டுவிட்டாய், நடைப்பயிற்சி போ" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று வைகைக்கரையின் தங்கையைக் கேட்டுப் பாருங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

அதைத்தான் சொன்னார்கள் டாக்டர். தைராய்டாக இருக்கும் என்று ஒருவர், குழந்தை பெற்ற உடம்பு என்று ஒருவர். கைபட்ட இடமெல்லாம் கன்றிப்போனபோதுதான் ஒரு தோல் மருத்துவர் சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

---

வார்டு அக்கா எழுதியது:

நரம்பியல் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். குஷிங் நோயாளிக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். உறைவுக்கு உதவும் எட்டாம் காரணியும் வான் வில்பிராண்ட் காரணியும் கூடுகின்றன. உறைந்ததைக் கரைக்கும் திறன் குறைகிறது. அதனால்தான் பல இடங்களில் அறுவை சிகிச்சையை ஒட்டி வயிற்றுத் தோலில் ஹெப்பாரின் ஊசி போடுகிறோம். ஊசி போட்ட இடம் கன்றுகிறது என்று நோயாளிகள் கோபித்துக்கொள்வார்கள். தோல் அவ்வளவு மெலிந்திருக்கும், பாவம்.

வீட்டுக்குப் போனதும் அபாயம் தீர்ந்துவிடாது, சில வாரங்களாவது இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் வலி, திடீரென்று மூச்சு வாங்குவது, நெஞ்சில் குத்துவது, இதில் எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவு.

---

மோதிரம் நுழையாதவன் எழுதியது:

எனக்குக் கார்டிசால் இல்லை, வளர்ச்சி ஹார்மோன். அக்ரோமெகலி. கல்யாண மோதிரம் நுழையாமல் போனது, செருப்பின் அளவு ஏறிக்கொண்டே இருந்தது, பல்லுக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. பல் டாக்டர்தான் முதலில் "எங்கேயோ இடிக்கிறது" என்றார். கட்டி பெரியது, அறுவை சிகிச்சையில் முழுவதும் எடுக்க முடியவில்லை. இப்போது மாதம் ஒரு ஆக்ட்ரியோடைடு ஊசி. விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த இழை போதாது.

நோய் தெரிந்த புதிதில் நடுராத்திரியில் தேடித் தேடிப் படித்தேன். இதே நோய் இருந்த மல்யுத்த வீரர் ஆந்த்ரே தி ஜயண்ட் 1993இல் 46 வயதில் இதயம் செயலிழந்து இறந்தார் என்று படித்துவிட்டுத் தூங்கவில்லை. நம் நாட்டு மல்யுத்த வீரர் கிரேட் காளி 2012இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்துக்கொண்டார் என்பதையும் அடுத்த பக்கத்திலேயே படித்திருக்கலாம், கண்ணில் படவில்லை.

எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கிறது என்றார்கள். ஆனால் நெஞ்சு ரத்தக்குழாய்கள் சுத்தமாக இருக்கின்றன. இது எப்படி? டாக்டர் விளக்கினால் நல்லது.

---

நாளமில்லான் எழுதியது:

எனக்குப் பிடித்த புதிர் இது. ஹார்மோன் கட்டி என்றால் ஒரே வகைச் சேதம் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு அக்ரோமெகலியைவிட நல்ல சான்று கிடையாது.

வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் கல்லீரல் ஐ.ஜி.எஃப்.-1 என்ற பொருளை அதிகம் சுரக்கிறது. இந்த ஐ.ஜி.எஃப்.-1 தன்னளவில் ரத்தக்குழாய்க்கு விரோதி அல்ல. நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டிக் குழாயைத் தளர்த்தக்கூடியது. இன்னொரு பக்கம், வளர்ச்சி ஹார்மோன் சிறுநீரகத்தில் உப்பைத் தங்க வைத்து ரத்தத்தின் கன அளவைக் கூட்டுகிறது, இன்சுலினுக்கு எதிராக வேலை செய்து சர்க்கரையை ஏற்றுகிறது. நாக்கும் தொண்டைச் சதையும் தடித்து, தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறது. அதுவும் பிரஷரை ஏற்றும். மூன்றில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு. எண்டோதீலியத்தின் வேலையைச் சோதித்த ஆய்வுகளில், நோய் கட்டுக்குள் இல்லாதவர்களின் கைத் தமனி எதிர்பார்த்த அளவு விரிவதில்லை என்று பல முறை தெரியவந்திருக்கிறது. கழுத்துத் தமனிச் சுவரும் தடிக்கிறது. ஆனால் இதயத் தமனிகளில் அடைப்பு கூடுகிறதா என்றால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சுவர் தடிப்பதும் கொழுப்பு படிவதும் ஒன்றல்ல.

இந்த நோயில் முதலில் அடிபடுவது இதயத் தசை. இரண்டு கீழறைகளும் தடிக்கின்றன, தளர்ந்து ரத்தத்தை ஏற்கும் திறன் குறைகிறது. வால்வுகளில், முக்கியமாக மைட்ரல், அயோர்ட்டிக் வால்வுகளில், கசிவு வரலாம். மூளைத் தமனிகளில் அனியூரிசம் என்னும் புடைப்பு அக்ரோமெகலியில் கூடுதலாகக் காணப்படுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. இதற்காக எல்லோரும் ஆஞ்சியோகிராம் எடுக்க ஓட வேண்டியதில்லை, அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யை ரேடியாலஜி நிபுணர் அந்தக் கண்ணோடும் பார்ப்பது நல்லது. கட்டிக்கு இரு பக்கமும் உள் கரோட்டிட் தமனி ஓடுகிறது, அங்கே வியப்பு எதுவும் காத்திருக்கக் கூடாது.

ஆந்த்ரேயை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பெல்லாம் அக்ரோமெகலி நோயாளிகள் இதய, ரத்தக்குழாய் நோயால்தான் அதிகம் இறந்தார்கள். ஐ.ஜி.எஃப்.-1 கட்டுக்குள் இருப்பவர்களின் ஆயுள் இன்று பொது மக்களின் ஆயுளை நெருங்கிவிட்டது.

---

செம்பருத்தி எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பால் சுரக்க வைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டின் எனக்கு 64 என்று வந்திருக்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது. இணையத்தில் தேடினால் பிட்யூட்டரிக் கட்டி, மாரடைப்பு என்று என்னென்னவோ வருகிறது. மேலே படித்ததும் கை நடுங்குகிறது. என் ரத்தக்குழாய்கள் கெட்டுப்போயிருக்குமா?

---

மருந்துச்சீட்டு எழுதியது:

அம்மா, முதலில் ஒரு கேள்வி. வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரையை நம் ஊரில் மிட்டாய் போல வாங்கிப் போகிறார்கள். அந்த டோம்பெரிடோன் புரோலாக்டினை ஏற்றும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் ஏற்றும், மனநலத்துக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோனும் ஏற்றும். எம்.ஆர்.ஐ.க்கு ஓடுவதற்கு முன் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். மனநல மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

---

செம்பருத்தி எழுதியது:

ஐயா, அதேதான். தினமும் காலையில் ஒன்று, பல மாதமாக. யாரும் இதைக் கேட்கவே இல்லை.

---

நாளமில்லான் எழுதியது:

மருந்துச்சீட்டு அவர்கள் என் வேலையைக் குறைத்துவிட்டார். கர்ப்பம், தைராய்டு குறைவு இரண்டையும் சோதித்துவிட்டு, மருத்துவர் சொன்னால் அந்த மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். மேக்ரோபுரோலாக்டின் என்ற, வேலை செய்யாத பெரிய மூலக்கூறாலும் எண் ஏறிக் காட்டும். கட்டியால் வருவது பெரும்பாலும் இதைவிட உயரமாக இருக்கும். 200க்கு மேல் போனால் கட்டியை வலுவாகச் சந்தேகிப்போம். சிறு கட்டிகளில் குறைவாகவும் இருக்கலாம் என்பதால் 64ஐ வைத்து இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

கட்டியே இருந்தாலும், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின் மூன்றில் ரத்தக்குழாயை மெதுவாகத் தொடுவது புரோலாக்டின்தான். எடையும் இன்சுலின் எதிர்ப்பும் கெட்ட கொழுப்பும் கூடலாம்; ஈஸ்ட்ரோஜென் குறைவதால் குழாய்க்குக் கிடைக்கும் பாதுகாப்பு குறைகிறது. எண்டோதீலியம் சற்று மந்தமாவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காபர்கோலின் மாத்திரையில் புரோலாக்டின் இறங்கும்போது இவற்றில் பலவும் சீராகின்றன. அந்த மாத்திரை இதய வால்வைக் கெடுக்கும் என்று 2007இல் வந்த செய்தி பார்க்கின்சன் நோய்க்குத் தினமும் கொடுக்கப்படும் பெரிய அளவைப் பற்றியது. புரோலாக்டினுக்குக் கொடுப்பது வாரத்துக்கு ஒரு மில்லிகிராம் அளவிலான சிறு அளவு. அதிக அளவில் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு எக்கோ பார்ப்போம்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கடையில் தினமும் பார்ப்பது. குஷிங் போன்ற முகமும் பிரஷரும் உள்ள எல்லோருக்கும் கட்டி இல்லை. மூட்டுவலிக்கும் வீசிங்குக்கும் "பக்கவிளைவே இல்லாத நாட்டு மருந்து" என்று பெயர் இல்லாத பொட்டலத்தில் தருகிறார்களே, அதில் கார்டிசால் போல வேலை செய்யும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். சிவப்பழகு கிரீம் என்று அதே வகையைச் சேர்ந்த பிட்டாமெத்தசோனையும் குளோபீட்டசாலையும் முகத்தில் பூசுகிறார்கள். உண்மையான சித்த மருத்துவர்கள் இதைக் கேட்டால் நம்மைவிட அதிகமாகக் கோபப்படுவார்கள்.

---

நாளமில்லான் எழுதியது:

முழுவதும் உடன்படுகிறேன். உலக அளவிலும் குஷிங் அறிகுறிகளுக்கு முதல் காரணம் வெளியிலிருந்து போகும் ஸ்டீராய்டுதான், கட்டி அல்ல. அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சுரந்து பழக்கம் விட்டுப்போன அட்ரினல் உடனே விழித்துக்கொள்ளாது. மருத்துவர் வழியாகப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

---

மேட்டுத்தெரு எழுதியது:

சரி, கழுத்துக் குழாய்க் கதையை ஏற்கிறேன். ஆனால் "ஆயுள் முழுவதும்" என்பதை ஏற்கவில்லை. அதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா, அல்லது ஒரு தடவை எழுதியதை யாரும் அடிப்பதில்லை என்பதுதானா?

---

நாளமில்லான் எழுதியது:

ஆயுள் முழுவதும் என்று நான் எங்கும் எழுதவில்லை. குணமானவர்களில் கணிசமானோருக்குப் பிரஷர் மாத்திரை குறைகிறது, சிலருக்கு முழுவதும் நின்றுவிடுகிறது. இளவயதும், நோய் குறுகிய காலமே இருந்ததும் சாதகம். மாத்திரையைக் குறைக்கும் முயற்சியை வீட்டு அளவீடுகளை வைத்து மருத்துவர் செய்ய வேண்டும், சித்தப்பா செய்யக் கூடாது. அதுதான் வேறுபாடு. 1952இல் வெளியான ஒரு மதிப்பாய்வில், சிகிச்சை இல்லாத குஷிங் நோயாளிகளில் பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் ரத்தக்குழாய் நோயாலும் தொற்றாலும். அறுவை சிகிச்சை அந்த நிலையை மாற்றிவிட்டது. மிச்சமிருக்கும் அபாயத்துக்குத்தான் இந்த மாத்திரைகள்.

வைகைக்கரை, குறையாத பிரஷருக்கு வேறு இரண்டு காரணங்களும் இருக்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று, அறுவை சிகிச்சைக்குப் பின் கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் ஹைட்ரோகார்டிசோன் தேவைக்கு மேல் போய்க்கொண்டிருந்தால் அதுவே கார்டிசால் மிகுதிதான். அளவைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மற்றொன்று, நோய் திரும்புவது. ஆண்டுகள் கழித்தும் திரும்பலாம். நள்ளிரவு உமிழ்நீர்க் கார்டிசால் பரிசோதனை இதை மற்றவற்றைவிட முன்கூட்டியே காட்டிவிடும். இறங்கிவந்த பிரஷரோ சர்க்கரையோ காரணம் இல்லாமல் மறுபடி ஏறினால் அடுத்த ஆண்டுப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

---

வைகைக்கரை எழுதியது:

ஹைட்ரோகார்டிசோன் காலையில் 20, மாலையில் 10 மில்லிகிராம் இன்னும் எடுக்கிறாள். குறைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை இதைக் கேட்கிறேன். பிரஷர் மாத்திரைகளின் பெயர் டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன். பிரஷருக்கு நல்லது என்று சித்தப்பா தினமும் இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு வருகிறார். கொடுக்கலாமா?

---

மருந்துச்சீட்டு எழுதியது:

நிறுத்தச் சொல்லுங்கள்! அந்த இரண்டு மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைப்பவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய. "குறைந்த சோடியம் உப்பு" என்று விற்கும் பாக்கெட்டும் வேண்டாம், அதில் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கிறது.

---

நாளமில்லான் எழுதியது:

சரியாகச் சொன்னார். கட்டி இருந்தபோது பொட்டாசியம் இறங்கும், இப்போது நிலைமை தலைகீழ். செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காமல் நாளையே சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் எடுத்துவிடுங்கள். கூடவே ஒரு வாரம் காலையும் இரவும் வீட்டில் பிரஷர் பார்த்துக் குறித்த தாளையும், பழைய எம்.ஆர்.ஐ. சிடியையும் எடுத்துப் போங்கள். சித்தப்பாவையும் அழைத்துப் போங்கள்.